கடைசியாக நடப்பவர்

போடிநாயக்கனூரில் என் மாமியார் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா இருந்தார். எங்கே போனாலும், யாரோடு போனாலும், கடைசியாகத்தான் போவார். கோயிலுக்கும் அப்படித்தான், சினிமாக் கொட்டகைக்கும் அப்படித்தான். நாலு பேர் சேர்ந்து குழாயடிக்குப் போனால்கூட மூன்று பேரை முன்னால் விட்டுவிட்டு, இடுப்பில் குடத்தோடு பின்னால் வருவார்.

கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த புதிதில் அதை அடக்கம் என்று நினைத்தேன். பிறகு கால்வலி என்று நினைத்தேன். அவருக்கு அடக்கமும் கிடையாது, அப்போது கால்வலியும் கிடையாது. நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, உரத்த குரல், வெற்றிலைக் காவி ஏறிய பெரிய பற்கள். தெருவில் எந்த வீட்டுச் சண்டைக்கும் தீர்ப்பு சொல்வார். நடக்கும்போது மட்டும் கடைசி.

ஒருமுறை நாங்கள் ஆறேழு பேர் தேனியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினோம். எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அவர் படிக்குக் கீழே நின்று ஜன்னல் வழியாக எங்கள் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறும்மா, வெரசா" என்றார் கண்டக்டர்.

"இருப்பா, எங்க ஆளுக எல்லாம் ஏறிட்டாகளான்னு பாக்க வேணாமா?"

பார்த்து முடிப்பதற்குள் பஸ் அவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. நாங்கள் கத்தியது டிரைவருக்குக் கேட்கவில்லை. போடியில் இறங்கி, பஸ் நிலையத்திலேயே காத்திருந்தோம். அடுத்த பஸ்ஸில் வந்து, அதிலும் கடைசி ஆளாக இறங்கி, எங்களைப் பார்த்து அவர் கேட்டது: "எல்லாரும் பத்திரமா வந்துட்டீகளா?"

என் மாமியார் சிரித்துச் சிரித்து அங்கேயே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஏன் இப்படி என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் வரும். "முன்னால போனா சிலந்தி வலை மூஞ்சில ஒட்டுமே" என்பார். "பின்னால வந்தாத்தேன் எவ எவ என்ன சேல கட்டியிருக்கான்னு பாக்கலாம்" என்பார். ஒருநாள் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "முன்னால போறவளுக்கு வழி தெரியணும். பின்னால வர்றவளுக்கு ஆளு தெரிஞ்சாப் போதும்" என்றார். சொல்லிவிட்டு, பெரிதாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று வெட்கப்பட்டவர் போல, "என்ன முழிக்கிற காலேசு? வெத்தல இருந்தா கொண்டா" என்றார். நான் மதுரையில் பட்டப்படிப்பு முடித்தவள் என்பதால் அவருக்கு நான் காலேசு.

எங்கள் தெருவின் மேற்குக் கடைசியில், இலவந்தோப்பைத் தாண்டி, ஒரு கரடு இருந்தது. அதை மலை என்று சொல்ல உள்ளூர்க்காரர்களுக்கே கூச்சம். பின்னால் வானம் வரைக்கும் உண்மையான மலைகள் நிற்கும்போது, அதன் காலடியில் கிடக்கிற ஒரு பாறைக் குவியலை மலை என்று எப்படிச் சொல்வது? கைக்குழந்தையோடு ஏறினாலும் அரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடலாம். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்குள் பார்க்க எத்தனையோ இருந்தது. பாதி ஏற்றத்தில் ஒரு குடைபாறைக்கு அடியில் சுனை. தண்ணீர் கறுப்பாகத் தெரியும். எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. ஐப்பசி மழை பெய்தால் மாசி வரைக்கும் வற்றாது. அதற்கு மேலே இரண்டு பெரும் பாறைகளுக்கு நடுவில் ஓர் இடுக்கு. பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொருவராகத்தான் நுழைய முடியும். இடுக்கைத் தாண்டினால் பாறையில் ஒரு பெரிய கால்தடம் போன்ற பள்ளம், அதில் முழங்கால் உயரத்துக்குக் குறைவாக மழைநீர். பீமன் பாதம் என்பார்கள். பீமன் ஒற்றைக் காலை மட்டும் இங்கே வைத்துவிட்டு இன்னொரு காலை எங்கே வைத்தான் என்று கேட்டால், பக்கத்து ஊரான தேவாரத்துக்காரர்கள் தங்கள் ஊரில் இருப்பதாகச் சொல்வார்கள். உச்சியில் கோயில் கிடையாது. பாறையில் நட்ட ஒரு வேல், விளக்கு வைக்க ஒரு கல்.

உச்சியில் நின்றால் கிழக்கே மதுரை ரயில் புகை விட்டுக்கொண்டு வந்து போடியில் முடிந்து நிற்பது தெரியும். அதற்கு மேல் அதற்குப் போக வழி இல்லை. மேற்கே திரும்பினால் போடிமெட்டுச் சாலை வளைந்து வளைந்து ஏறும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஒரு வளைவில் தெரிந்து, மறைந்து, அடுத்த வளைவில் தெரியும். என் மகனுக்கு அது போதும். உட்கார வைத்தால் ஒரு மணி நேரம் அசையாமல் பார்ப்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப்பெண்கள் சேர்ந்து கரட்டுக்குப் போவது வழக்கமாக இருந்தது. யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் அங்கேதான் கூட்டிப் போவோம். அக்காதான் ஏற்பாடு. கிளம்பச் சொல்லி வீடு வீடாகக் குரல் கொடுப்பது அவர், கடைசியில் நடப்பதும் அவர். இடுக்குக்கு வந்ததும் என் மாமியாரைப் பார்த்து, "அயித்தே, மூச்ச உள்ள இழுத்துக்கங்க. போன வாரத்துக்கு இந்த வாரம் பாற சிறுத்துப்போச்சு" என்பார்.

"ஒன் வாயி சிறுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே மாமியார் நுழைவார்.

இறங்கும்போதுதான் அவருடைய உண்மையான சோலி தொடங்கும். பாதை வளைந்து ஒருவர் கண்ணுக்கு மற்றவர் மறைந்ததும், பின்னாலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். நீட்டி, ராகம் போட்டு. கூப்பிடப்பட்டவர் "ஓ" என்று சொல்ல வேண்டும். வேறு எதுவும் சொல்லக் கூடாது. ஒருவருக்காக இன்னொருவர் சொல்லவே கூடாது.

அது மேலே, ஏலக்காட்டிலிருந்து வந்த பழக்கம். அக்கா இருபது வருடம் கேரளாப் பக்கத்துத் தோட்டத்தில் காய் எடுக்கப் போனவர். பிறகு போடியிலேயே ஒரு கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்கு வந்துவிட்டார். மேலே மூடுபனி இறங்கினால் முன்னால் நடப்பவரின் முதுகே தெரியாதாம். ஆனையும் காட்டுமாடும் திரிகிற காடு. இருபது பெண்கள் வரிசையாக வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கடைசியில் நடப்பவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வர வேண்டும். அந்த இருபது வருடமும் அந்தக் கடைசி ஆள் அவர்தான்.

"ஒரு நா ஒருத்தி ஏலச்செடிக்கு அடியில தூங்கிப்போயிட்டா" என்று அவர் சொல்லியிருக்கிறார். "அவ பேரக் கூப்பிட்டா, அவ அக்காக்காரி ஓன்னுட்டா. தங்கச்சி பின்னாலதேன் வர்றான்னு நெனப்பு. தங்குற லயத்துக்கு வந்து பாத்தா ஆளக் காணோம். திரும்பிப் போனா, செடிக்கடியில குறட்ட. பக்கத்துல ஆன மிதிச்ச தடம். அது வந்து பாத்துட்டு, பாவம் பிள்ள தூங்குதுன்னு போயிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு முழுக்க எனக்கு அந்தத் தடம்தான் கண்ணுக்குள் நின்றது. நான் அப்படிப்பட்டவள்.

என் மகன் செந்திலுக்கு அப்போது மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் பேசவில்லை. அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. மதுரையில் டாக்டர் பார்த்துவிட்டு, காது நன்றாகக் கேட்கிறது, பொறுத்திருங்கள் என்றார். பொறுத்திருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. வசம்பு உரைத்து நாக்கில் தடவினோம். கோயில் மணியைக் கவிழ்த்து அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தோம். நான் கர்ப்பமாக இருந்தபோது ஏதாவது தவறு செய்தேனா என்று யோசித்தேன். அதிகம் படித்தேனா, குறைவாகச் சாப்பிட்டேனா, சூரிய கிரகணத்தன்று வெளியே வந்தேனா? பகலில் டாக்டர் சொன்னதை நம்புவேன். சாயங்காலம் யாராவது "என்னத்தா, பிள்ள இன்னும் பேசலையா?" என்று கேட்டால் எல்லாம் கரைந்து போகும்.

கரட்டில் அக்கா அவன் பெயரையும் கூப்பிடுவார். எல்லோரையும் கூப்பிட்ட அதே ராகத்தில், "செந்திலூ..." என்று. கூப்பிட்டுவிட்டு நிற்பார். வரிசையே நிற்கும். அவன் என் இடுப்பில் இருப்பான், அல்லது என் விரலைப் பிடித்திருப்பான். அவர் நிற்கிற அந்த நேரம் எனக்குத் தாங்காது. "இருக்கான்க்கா" என்று நானே சொல்லிவிடுவேன்.

"ஒன்னயக் கூப்பிடல ஆத்தா. அவனத்தேன் கூப்பிட்டேன்."

ஒவ்வொரு வாரமும் இது நடந்தது. அவர் கேலியாகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் என் பிள்ளை பேசாதவன் என்று ஊரறியக் கூப்பிட்டுச் சொல்வது போலத்தான் எனக்கு இருந்தது. அவனைவிடச் சின்னப் பிள்ளைகள் "ஓ" என்று கத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும்.

ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கிட்டங்கியிலிருந்து வந்து கை கழுவியும் ஏலக்காய் வாசனை போகவில்லை. எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனால் வாய் திறந்ததும் அழுகைதான் வந்தது.

"அக்கா, இனிமே அவன் பேரச் சொல்லிக் கூப்பிடாதீங்க. அவனால பதில் சொல்ல முடியாதுன்னு தெரியும்ல?"

அவர் முறத்தைக் கீழே வைத்தார். ஏதோ சொல்ல வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"சரி ஆத்தா. கூப்பிடல. கண்ணத் தொடச்சிக்க" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது சரியாகத்தான் செய்தேன் என்று தோன்றியது. வாசலுக்கு வருவதற்குள் தவறு செய்துவிட்டேனோ என்று தோன்றியது. திரும்பிப் போய் மாற்றிச் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

அதன்பிறகு அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எல்லோர் பெயரும் வரும். என் பெயர் வந்து நான் "ஓ" சொன்னதும், குரலைத் தாழ்த்தி, "பிள்ள?" என்று மட்டும் என்னிடம் கேட்பார். "இருக்கான்க்கா" என்பேன். அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

பொங்கல் கழிந்த மறுநாள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு எல்லோரும் கரட்டுக்குப் போனோம். பெண்களும் பிள்ளைகளும் மட்டும். புளிச்சோறும் துவையலும் சாப்பிட்டு, வேலுக்கு விளக்கு வைத்து, உச்சியை விட்டு இறங்கிப் பீமன் பாதத்துப் பக்கம் நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் இலைகளைப் போட்டு விளையாடினார்கள். நான்கு மணிக்கெல்லாம் சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் போய்விடும் ஊர் அது. நிழல் விழுந்ததும் கிளம்பினோம். என் நாத்தனார் செல்வி, அப்போது பதினேழு வயது, செந்திலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் போவதைப் பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு நடுவில் நடந்தேன். இடுக்குக்குள் ஒவ்வொருவராக நுழைந்து வெளியே வந்தோம்.

இடுக்கைத் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. ஒவ்வொரு பெயராக. "ஓ", "ஓ". என் பெயர். "ஓ".

"பிள்ள?"

"இருக்கான்க்கா."

அந்தச் சொல்லை நான் எவ்வளவு எளிதாகச் சொன்னேன் என்பதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். நான் பொய் சொல்லவில்லை. அவன் செல்வியின் இடுப்பில் இருந்ததைக் கண்ணால் பார்த்திருந்தேன். அவ்வளவுதான்.

இறங்கி இலவந்தோப்புக்கு வந்தோம். செல்வி பம்புசெட்டுத் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தனியாக.

"செந்தில் எங்க செல்வி?"

"ஒங்ககிட்டதான் அண்ணி இருக்கான். எறங்கணும்னு காலக் கால ஒதச்சான். அம்மாட்டப் போன்னு எறக்கி விட்டேன். இடுக்குக்கு முன்னாடியே."

அவள் சொல்லி முடிப்பதற்குள் என் கையிலிருந்த தூக்குவாளிகள் கீழே விழுந்தன. மாமியார் "ஐயோ முருகா" என்று தோப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. இடுக்கு மேலே இருக்கிறது. சுனை கீழே இருக்கிறது. அவன் எங்களைத் தேடி இறங்கினால் சுனையைத் தாண்டித்தான் வர வேண்டும். தாண்டவில்லை என்றால்?

நான் ஓடத் தொடங்குவதற்குள் யாரோ என்னைத் தாண்டி ஓடினார்கள். அக்கா. செருப்பை உதறிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். அவர் முதுகை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாலு வருடம் பழகியும் பார்த்ததில்லை. ரவிக்கையின் பின்பக்கம் தோளிலிருந்து இடுப்பு வரை கிழிந்து, வேறு நிற நூலால் தைக்கப்பட்டிருந்தது.

சுனைக்கு வந்தோம். தண்ணீர் அசையாமல் இருந்தது. அசையாமல் இருப்பது நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை. "செந்தில், செந்தில், செந்தில்" என்று மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சத்தம் போடாத. அவன் சொன்னா கேக்கணும்ல?"

"அவன் எங்கக்கா சொல்லப்போறான்! அவனுக்குத்தான் பேச்சே வராதே!"

அதுவரை நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. இன்னும் வரவில்லை, வந்துவிடும், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றுதான் சொல்லி வந்தேன். சுனைக்கரையில் அது வெளியே வந்துவிட்டது.

அக்கா மேலே பார்த்து நின்றார். ஏலக்காட்டுப் பனியில் கூப்பிடுவது போல, அவசரமே இல்லாமல், நீட்டிக் கூப்பிட்டார்.

"செந்திலூ..."

பிறகு வாயை மூடிக்கொண்டார். என் மணிக்கட்டை விடவில்லை. மெட்டுச் சாலையில் ஏதோ ஒரு ஜீப்பு ஹாரன் அடித்தது. ஒரு காக்கை கத்தியது. மறுபடி கூப்பிடுங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"ஓ."

சின்னக் குரல். மேலே, இடுக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அது அவன் குரலா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவன் அழுகையைத்தான் எனக்குத் தெரியும், சிரிப்பைத் தெரியும். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"செந்திலூ..."

"ஓ."

இடுக்கில் எப்படி நுழைந்தேன் என்று தெரியவில்லை. தோளில் இரண்டு பக்கமும் தோல் உரிந்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். பீமன் பாதத்துக்குள், கணுக்காலுக்கு மேல் தண்ணீரில், கால்சட்டை நனைய அவன் நின்றுகொண்டிருந்தான். ஒரு பெரிய பாறைக்குப் பின்னால், பாதையிலிருந்து பார்த்தால் தெரியாத ஓரத்தில். இரண்டு கையிலும் இலைகள். அழவே இல்லை. நான் அவனை அள்ளிக்கொண்டபோது, என் தோளுக்கு மேலாக அக்காவைத்தான் பார்த்தான். அடுத்த முறை எப்போது கூப்பிடுவார் என்று காத்திருப்பவன் போல.

அக்கா பாறையில் உட்கார்ந்துவிட்டார். அவன் பின்பக்கத்தில் லேசாக ஒரு தட்டு தட்டி, "ஓவாம்ல, ஓ! இத்தன நாளு எங்கடா வச்சிருந்த இத?" என்றார். பிறகு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

கீழே தோப்பில் எங்களைப் பார்த்ததும் மாமியார் பிள்ளையை வாங்கிக்கொண்டு முத்தமாகக் கொடுத்தார். முத்தங்கள் முடிந்ததும் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"கடைசியா வந்தவ நீதான? என்னத்தடி பாத்துக்கிட்டு வந்த? பெருசா பேரு சொல்லிக் கூப்பிடுற, பிள்ளய விட்டுட்டு வந்திருக்க!"

"என் தப்புத்தேன் அயித்தே" என்றார் அக்கா.

அவ்வளவுதான் சொன்னார். அவன் பெயரைக் கூப்பிட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதைச் சொல்லவில்லை. என்னிடம் கேட்டதையும், நான் இருக்கான் என்று சொன்னதையும் சொல்லவில்லை. தெருப்பெண்கள் எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேசாமல் இருந்தால் அது அப்படியே முடிந்திருக்கும். என் மாமியார் முன்னால் நல்ல மருமகளாக இருக்க நான் எடுத்துக்கொண்ட பாடு கொஞ்சமில்லை. பேசாமல் இருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒன்றல்ல, சில கணங்கள்.

"இல்ல அத்தை. அக்கா கேட்டாங்க. நாந்தான் பாக்காமலே இருக்கான்னு சொன்னேன். அவன் பேரக் கூப்பிட வேணாம்னு சொன்னதும் நாந்தான்."

மாமியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதற்குள் செல்வி அழ ஆரம்பித்துவிட்டாள். "நாந்தேன்மா எறக்கி விட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. நாந்தேன்."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. உண்மையான கோபம். மாமியார் திட்டியபோதுகூட அவர் முகம் அப்படி மாறவில்லை.

"ஏன்டி, ஆளாளுக்குப் பங்கு கேக்குறீக? கடைசியா வந்தது நானு. நீங்க யாராச்சும் எனக்குப் பின்னால வந்தீகளா? வரலைல்ல? பெறகு என்ன?" என்னிடம் திரும்பி, "நீ சொன்னேன்னு நான் ஏன் விட்டேன்? இருவது வருசம் ஆனக்காட்டுல விடாத ஆளு, ஒன் கண்ணீரப் பாத்து விட்டேன்ல. அது என் தப்பு. அதுல கைய வைக்காத" என்றார்.

கடைசியில் மாமியார்தான், "சரி, சண்டைய நடந்துக்கிட்டே போடுங்க. பிள்ள ஈரத்துல நிக்கிறான்" என்றார். நடந்தோம். அக்கா எங்களுக்குப் பின்னால் வந்தார்.

அவர் என்னை விடுவித்தாரா, அல்லது உனக்கெல்லாம் அந்தப் பொறுப்பு கிடையாது என்று என் இடத்தைக் காட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. என் கணவரிடம் கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார் அவர். அது பதில் இல்லை.

சிவகங்கையில் இருந்த என் அம்மாவுக்கு மறுநாள் கடிதம் எழுதினேன். பேரன் பேசிவிட்டான், முதல் சொல் 'அம்மா' என்று எழுதினேன். வேறு எப்படி எழுதுவது? 'ஓ' என்பதைச் சொல் என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? இப்போது அவனுக்கு எட்டு வயது. விருதுநகருக்கு மாற்றலாகி வந்துவிட்டோம். வாயை மூடடா என்று நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிறேன். தங்கை தவழ்கிறாள். அவள் முட்டியில் சிராய்ப்பு இருந்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நான் பெரிதாக மாறிவிடவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இரண்டு ஞாயிறு அக்கா யாரையும் கரட்டுக்குக் கூப்பிடவில்லை. உடம்பு சரியில்லை என்றார். கிட்டங்கிக்கு மட்டும் போய் வந்தார். மூன்றாவது ஞாயிறு மத்தியானம் எங்கள் வாசலுக்கு வந்தார். படியேறாமல் கீழேயே நின்றார். வழக்கமாக "அயித்தே, என்ன கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படி வரைக்கும் வருகிறவர்.

"காலேசு, ஒன்னு கேக்கணும்."

"சொல்லுங்கக்கா."

"அன்னைக்கு ஒனக்குக் குடுத்த சொல்ல மீறித்தேன் அவன் பேரக் கூப்பிட்டேன். வேற வழி இல்ல. அது போகட்டும். இன்னைக்குக் கரட்டுக்குப் போறோம். அவனக் கூப்பிடவா, வேணாமா? நீ சொல்றதுதேன்."

எனக்கு உடனே ஆயிரம் யோசனை. சுனை, இடுக்கு, இருட்டு, நனைந்த கால்சட்டை. நானும் கூடப் போக வேண்டும், ஆனால் துவைத்த துணி காயாமல் கிடந்தது, மாமியாருக்குக் கஷாயம் வைக்க வேண்டும். அனுப்பினால் பொறுப்பில்லாதவள் என்பார்களோ, அனுப்பாவிட்டால் அக்கா மனம் நோகுமோ? சரி என்று சொல்லவா, வேண்டாம் என்று சொல்லவா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்கிட்டக் கேக்காதீங்கக்கா" என்றேன். "அவங்கிட்டயே கேளுங்க."

அவர் கொஞ்சம் நகர்ந்து, வாசலுக்கு நேராக நின்றுகொண்டார். வீட்டுக்குள் பார்த்து, கரட்டில் கூப்பிடுகிற அதே குரலில், நீட்டிக் கூப்பிட்டார்.

உள்ளே அவன் எங்கே இருக்கிறான், தூங்குகிறானா விழித்திருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும், அவர் படிக்குக் கீழேயும் நான் படிக்கு மேலேயும், அவன் பதிலுக்குக் காத்து நின்றோம்.